டென்சில் லேப்டாப்பைக் காலியாக ஓட்டிப் பார்த்தது

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரில், பாலகாட் பக்கம் குடியிருக்கும் டென்சிலைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. அவர் விழித்திருக்கும்போது பார்த்துப் பழகியவர்கள் ஒரு வகை, இவர்கள் சொற்பம். பெங்களூர் ரயிலில் அவருடைய தலையைத் தங்கள் தோளில் தாங்கியவர்கள் இன்னொரு வகை. இவர்கள் பங்காருபேட்டை தாண்டியும் பரவிக் கிடக்கிறார்கள்.

விடிவதற்குள் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற ரயில் அது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் பனிக்குள் மாவு மூட்டைகள் மாதிரி மிதந்து பின்னால் போகும். அவை போய் முடிவதற்குள் டென்சில் உறங்கியிருப்பார். தன் வாழ்நாளில் அவர் கண்ட கனவுகளில் பெரும்பகுதி ரயில்வே சொத்து. அதனால் எந்தக் கனவிலும் லேசான ஆட்டம் இருக்கும். கல்யாணக் கனவென்றால் மேடை ஆடும். கடற்கரைக் கனவென்றால் கரை ஆடும், கடல் நிற்கும். ஒயிட்ஃபீல்டு வந்ததும் கனவில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து பையைத் தேடுவார்கள்.

பெங்களூரில் அவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும் வரை அவர்களைப் பேசிப் பேசிச் சமாதானமாக வைத்திருப்பது டென்சிலின் பொறுப்பு. அவருடைய அப்பா சுரங்கத்தில் பெல்மேன். ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று மணியடித்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றியவர். அப்பா ஆட்களைப் பூமிக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவந்தார். மகன் ஆறாவது மாடியிலிருந்து கீழே கொண்டுவருகிறார். குடும்பத் தொழில் விட்டுப்போகவில்லை, திசைதான் மாறியது.

இப்படி ஆடிக்கொண்டே போன வாழ்க்கையில் ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் ராகேஷ் கல்லைப் போட்டார். நல்ல கல்தான். போன் எடுப்பவர்களில் ஒருவர் மட்டும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். சொந்தமாக நல்ல லேப்டாப் வேண்டும், வீடு அமைதியாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டுப் பரிசோதிப்பார். முதல் வாய்ப்பு சீனியரான டென்சிலுக்கு. அவர் தேறாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு திரும்பி வராது.

மற்றவர்கள் சம்பள உயர்வுக்கு ஏங்குவார்கள், வெளிநாட்டுக்கு ஏங்குவார்கள். டென்சிலுக்கு ஒரே ஏக்கம். விடியற்காலையில், ஆடாத கட்டிலில், தன் சொந்தத் தலையணையில் தூங்க வேண்டும். அன்று மாலையே போய் லேப்டாப் வாங்கிவிட்டார்.

ரயிலில் பெட்டியைப் பிரித்தபோது சீட்டாட்டம் நின்றது. எதிரே பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார். கனரகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயராகியும் பெங்களூருக்குப் போய்வருகிறவர்; இன்னும் எதையாவது இன்ஸ்பெக்ட் செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காதவர்.

"இன்னா டென்சில், லேப்டாப்பா, கேரம் போர்டா?"

"நடுத்தர சைஸுணா. மல்ட்டிமீடியான்னு சொன்னாங்க."

"அப்டின்னா?"

"படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம்."

"வேல?"

"அதுவும் செய்யலாமாம். கேட்டுக்கினுதான் வாங்கனேன்."

பக்தவச்சலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பைத் தன் மடியில் வைத்தார்; பாதிதான் கொண்டது. மீதிக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் மடி கொடுத்தார். மூடியை ஒரே விரலால் தூக்கினார். அடிப்பாகமும் கூடவே எழுந்து வந்தது.

"ரெண்டு கை கேக்குது. ஒரு மார்க் போச்சு. நெம்பர் பட்டன் தனியா கீது, அதுக்கு ஒரு மார்க் குடு. ஆமா, ஸ்கிரீன்ல என் மூஞ்சி தெரியுதே?"

"இன்னும் ஆன் பண்லணா."

"ஆன் பண்ணாலும் தெரியும், இந்தப் பளபளப்புக்கு. ஜன்னலப் பாத்தா மாதிரி வெக்காத. சிடி போட்ற பொந்து எங்க?"

"இப்பல்லாம் அது வர்றதில்லயாம்."

"அப்போ உங்க கல்யாண சிடி?"

"தப்பிச்சேன்ணா."

பெட்டி முழுக்கச் சிரித்தது. பக்தவச்சலம் மட்டும் சிரிக்கவில்லை. மூடியைச் சாத்தி, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி. காலியா ஓட்டிப் பாத்தியா?"

டென்சிலுக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சுரங்கத்தில் ஷிஃப்டு தொடங்கும்போது எடுத்ததும் ஆட்களைக் கேஜில் ஏற்றமாட்டார்கள். காலி கேஜ் முதலில் இறங்கும், ஏறும். அது ஒழுங்காக வந்த பிறகுதான் மனிதர்கள். சுரங்கம் மூடி இவ்வளவு காலமாகியும் டென்சில் வீட்டில் அந்தச் சட்டம் மூடவில்லை. புது ஸ்கூட்டர் ஆளில்லாமல் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போகப்பட்டது. புது மிக்சி வெறும் ஜாரோடு சுற்றி, அன்றே புகைந்து, முதல் சட்னியைக் காணாமல் கண்ணை மூடியது. கல்யாணத்துக்கு வாங்கிய கட்டிலைக்கூட ஓர் இரவு காலியாகவே விட்டதாகச் சொல்வார்கள். இதை அவர் மனைவி பியூலாவிடம் கேட்டால், "விட்டாரே!" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார் டென்சில். சார்ஜர் ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அத ஏங்க எடுக்கிறீங்க?" என்றார் பியூலா.

"நம்மூர்ல கரண்டு போவாம இருக்குமா? வெறும் பேட்டரில ஒரு ஷிஃப்டு தாங்குதான்னு பாக்கணும். முடியிற வரிக்கும் யாரும் தொடக்கூடாது."

"வேலையும் பாக்காம, படமும் பாக்காம, சும்மா எரியணுமா?"

"நைனா சொன்ன சட்டம்."

"மிக்சிக்கும் இதான் சொன்னீங்க."

கடையில் ஓடிக்கொண்டிருந்த அதே விளம்பரப் படம் லேப்டாப்பிலும் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கடல். கண் கூசும் நீலத்தில், ஊரையே நனைத்துவிடுகிற மாதிரி கடல். அலை எழுந்து, கண்ணாடி போல வளைந்து, அவசரமே இல்லாமல் விழுந்தது. பிறகு ஓர் அருவி. பிறகு மஞ்சள் மீன்கள், சர்ச்சிலிருந்து கலைகிற கூட்டம் மாதிரி, நின்று நின்று போயின. பியூலா அடுப்படியிலிருந்து ஒலியைப் பரிசோதித்தார். குக்கர் விசிலடித்தபோதும் அலை கேட்டது. "சத்தத்துக்குப் பாஸு" என்று அங்கிருந்தே தீர்ப்பு வந்தது.

பக்கத்து வீட்டு ஜெயம்மா குடத்தோடு எட்டிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகியிருந்தது; டேங்கர் எப்போது வருமென்று விசாரிக்க வந்தவர். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றுவிட்டார்.

"ஏமி நீள்ளம்மா இது! இவ்ளோ தண்ணியும் எங்க போவுது?"

"எங்கயும் போவல ஜெயம்மாக்கா. காலியா ஓடுது."

"நம்ம கொழாயுந்தான் காலியா ஓடுது. இப்டியா கீது?" என்றவர் உட்கார்ந்தார். குடமும் உட்கார்ந்தது.

மதியம் சாய்ந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டதும் சுவரெல்லாம் நீலம் ஏறியது. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய காகித நட்சத்திரம், அலமாரியின் எவர்சில்வர் டம்ளர்கள், கல்யாண போட்டோவில் விறைத்து நிற்கும் டென்சில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் போய்ச் சாவதானமாயின. தொடக்கூடாது என்ற சட்டம் இருந்ததால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. டென்சில் நாற்காலியில் இருந்தபடி கேஜில் இறங்கினார். ஆனால் கீழே இருட்டு இல்லை, நீலம். லெவல் லெவலாக மீன்கள் நின்று வழிவிட்டன. எங்கோ அப்பாவின் மணி மெதுவாக அடித்தது. முதல் தடவையாக அவருடைய கனவில் எதுவும் ஆடவில்லை.

அவர் கண் விழித்தபோது கடல் இல்லை. ஜெயம்மா போயிருந்தார். ஸ்கிரீனில் அவருடைய முகம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பேட்டரி ஒரு ஷிஃப்டை ஏறக்குறைய முடித்து, கௌரவமாகக் காலியாகியிருந்தது. திருப்தியோடு அலமாரியைத் திறந்து சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினார். விளக்கு எரியவில்லை. சுவிட்சைத் தட்டினார். வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

"நீங்க குறட்டை விடும்போதே போயிடுச்சிங்க" என்றார் பியூலா, மெழுகுவத்தியோடு. "தெருமுனை டிரான்ஸ்பார்மராம். காத்தால வருமாம்."

காலையில் வந்தது, அடுத்த தெருவுக்கு. அந்தத் தெருவில் டென்சிலுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறிப் போயிருந்தார்கள். அவர்கள் தோளெல்லாம் இந்நேரம் கண்டோன்மென்ட் தாண்டியிருக்கும். பரிசோதனைக்கென்று லீவு போட்ட மனிதர், உயிரில்லாத லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சொந்தத் தலையணை பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"அடுத்தவனுக்குப் போயிடும் பியூலா. காலியா ஓட்டாம இருந்திருந்தா..."

"பொலம்பாதீங்க. சர்ச்ல இன்வர்ட்டர் கீது. கெளம்புங்க."

சர்ச்சுச் சாவி வைத்திருக்கும் ஜெயகரன் அப்போதுதான் பெஞ்சுகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"கரண்டு எடுத்துக்குங்க. ஆனா ஞாயித்துக்கெழம பாட்டு வரியெல்லாம் இந்தப் பொட்டில பெருசாப் போட்டுக் காட்டணும். பின்பெஞ்சுக்காரன் வரி தெரியலன்னு சும்மாவே வாயசைக்கிறான்."

"போட்டா போச்சி ஐயா."

கொயர் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் சொருகினார்கள். ஜன்னலைப் பார்க்காமல் திருப்பி வைத்தார்கள்; பக்தவச்சலத்தின் உத்தரவு. போன் இன்டர்நெட் இணைந்தது. மூச்சு வாங்கி முடிவதற்குள் ராகேஷின் முகம் தோன்றியது.

"டென்சில் சார், குட் மார்னிங். அடேயப்பா, வீடு ரொம்பப் பெரிசா இருக்கே! சீலிங்கே காணோம்."

"பழைய கட்டடம் சார்" என்றார் டென்சில். உண்மை.

"மைன்ஸ் பங்களாவா?"

"வெள்ளக்காரன் கட்டனதுதான் சார்." அதுவும் உண்மை.

"பிக்சர் சூப்பர். சத்தமே இல்ல. சரி, நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கஸ்டமர். பேசுங்க." ராகேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். "ஹலோ! லிஃப்ட் நின்னுடுச்சு! லைட்டும் இல்ல! யாராவது இருக்கீங்களா?"

டென்சில் வழக்கமாகப் பேசுவதைத்தான் பேசினார். ஆனால் மைக் நல்ல மைக். மேல் கூரைக்குப் போய் வட்டமிட்டுத் திரும்பிய குரலையும் சேர்த்தே அனுப்பியது.

"பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். நீங்க தனியா இல்ல. கொஞ்ச நேரத்துல உங்கள வெளிச்சத்துக்குக் கொண்டாந்துடுவோம்."

"ஆமென்" என்றார் ஜெயகரன், தூண் பின்னாலிருந்து. பழக்க தோஷம்.

ராகேஷ் நிமிர்ந்தார். "யார் சார் அது?"

"பெரியவரு சார்" என்றார் பியூலா, முந்திக்கொண்டு. "எப்பவும் இங்கயேதான் இருப்பாரு. தொந்தரவு இருக்காது."

ராகேஷின் முகம் ஸ்கிரீனில் அப்படியே நின்றது. டென்சில் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நெட் நின்றுவிட்டதோ என்று பியூலா எட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. மேனேஜர்தான் கன்னத்தில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சார், நிஜமாவே மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. நிஜமாவே பயம் போச்சு. இன்னொரு வாட்டி சொல்லுங்க... வேணாம், பரவால்ல. ஓகே. புதன்கிழமைலேர்ந்து வீட்டிலேயே பண்ணுங்க."

அழைப்பு முடிந்ததும் ஜெயகரன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். "கரண்டு போறப்பல்லாம் வந்துடு தம்பி. கதவு தொறந்துதான் கீது." இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. வீட்டில் மின்சாரம் போனால் டென்சில் லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சர்ச்சுக்கு நடப்பார். பார்ப்பவர்கள் மனிதர் திடீரென்று பக்திமானாகிவிட்டதாக நினைக்கிறார்கள். பெங்களூரில் மாட்டிக்கொள்பவர்களும், மின்வெட்டு நாட்களில் கூடுதல் அமைதியோடு வெளியே வருவதாகக் கேள்வி. சாதனத்தின் ஒலிப்பெருக்கி, கேமரா, பேட்டரி மூன்றும் குடும்ப உபயோகத்துக்கு உகந்தவை என்று பக்தவச்சலம் ரயிலில் அறிவித்துவிட்டார். மூடிக்குக் கழித்த மார்க்கை மட்டும் திருப்பித் தரவில்லை.

அந்தப் புதன்கிழமை விடியற்காலை, அலாரம் இல்லாமலே டென்சிலின் உடம்பு பழைய நேரத்துக்கு விழித்துக்கொண்டது. ஒரு கால் தானாக ஆடியது. கை, மேல்தட்டுக் கம்பியைத் தேடுவது போலக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தது. வெளியே பனி. தூரத்தில் ரயில் கூவியது. இத்தனை வருடம் அதற்குள்ளேயே தூங்கியவர், அந்த ரயில் கூவுவதை வெளியிலிருந்து காது கொடுத்துக் கேட்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு மெல்லிசாகக் கூவும் என்று யாரும் சொல்லவில்லை. அது மண்மேடுகளைச் சுற்றிக்கொண்டு, சின்னதாகி, கரைந்தது.

"போயிடுச்சி" என்றார் டென்சில்.

"போவட்டும்" என்றார் பியூலா, கண்ணைத் திறக்காமல். "திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுத்தார். கட்டில் ஆடவில்லை.