அங்கியைப் பிரித்துச் சட்டை தைக்கச் சொன்னவர்

அன்புள்ள மரியம்மாள் அக்காவுக்கு,

ஊர் அடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்தான். முந்தாநாள் காலையில் எஸ்டேட் ஜீப் டிரைவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா, நம்ம சாமியார் போயிட்டாரு. பூசைக்கு மணி அடிக்கச் சொல்லிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல."

நீங்கள் மதுரைக்குப் போனபின் நம் கோவிலில் கூட்டம் இன்னும் குறைந்துவிட்டது. ஏலக்காய் எடுக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் வேலை. சாமியார் விடவில்லை, எஸ்டேட் ஜீப்பில் ஆட்களோடு நெருக்கியடித்துப் போடிமெட்டுக்குப் போய்ப் பூசை வைப்பார். ஒருமுறை மூன்றே பேர் வந்தார்களாம். "மாதா, சூசையப்பர், பாலன்னு திருக்குடும்பமே வந்திருச்சு, இன்னும் யாரு வரணும்?" என்று சிரித்தார். ஆனால் நம் பங்கிலிருந்து ஒரு பையனும் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போகவில்லையே என்ற கவலை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. "எனக்குப் பின்னால யாரு?" என்பார்.

அதனால்தான் அன்று நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. என் மகன் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் குருமடத்துக்குக் கொடுப்பதாக அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்தான். சாமியார் போடுவதுபோல் குட்டி வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக் கோவிலுக்குத் தூக்கி வந்தேன். வாக்குத் தவறவும் பயம், பிள்ளையை விடவும் மனமில்லை. நீங்கள் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மணி அடிக்கும் கோவில்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "சாமி, நம்ம பங்குக்கும் ஒரு சாமியார் வந்துட்டாரு!"

சாமியார் பிள்ளையை வாங்கினார். அவன் தாடியைப் பிடித்து இழுத்து வீறிட்டான்.

"என்னாத்தா, இவன் இன்னும் பாலையே மறக்கல, அதுக்குள்ள உலகத்தை மறக்கச் சொல்றியே?"

"நேர்ந்துட்டேன் சாமி."

"நேர்ந்தது நீ. உன்னைய வேணா குடு. இவனைக் குடுக்க இவனுக்குத்தான் பாத்தியதை. வளந்து இவனாக் கேட்டா அன்னைக்குப் பாப்போம்."

"வலிய வந்ததை விடுறீகளே! ஆள் இல்லேன்னு பொலம்புறது நீங்கதான சாமி?" என்றார் கோவில்பிள்ளை.

"வலிய வந்தது இவன் ஆத்தா. தாடியப் புடுங்குறவன் வலிய வந்த மாதிரியாய்யா இருக்கு?"

பிறகு என்னிடம் சொன்னார்: "நேர்ச்சைக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் குடு. அங்கியப் பிரிச்சு இவனுக்குச் சட்டை தை."

அக்கா, சாவுச் செய்தி கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. விடுவித்தவரே போய்விட்டாரே, நேர்ச்சை மறுபடி என் பிள்ளைமேல் வந்து விழுமோ என்று. நேற்று அடக்கத்துக்கு அவனையும் தூக்கிப் போனேன். அங்கியைப் பிரித்துத் தைத்த, இப்போது இடுப்புக்கு எட்டாத அந்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான். பெட்டிக்குள் முகத்தைப் பார்த்ததும், "தாடி!" என்று கையை நீட்டினான். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். இவன் இன்னும் அதே தாடி பிடுங்குகிற பிள்ளைதான், சாமியார் சொன்ன சொல்லும் அப்படியே நிற்கிறது என்று தோன்றியது. நெஞ்சில் இருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஆள் வேண்டுமென்று ஏங்கியவர், கைக்கு வந்த பிள்ளையைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கையைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன். புதுச் சாமியார் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பதை விடமாட்டேன்.

அவர் சொன்னதை அன்று பக்கத்தில் நின்று கேட்டவர் நீங்கள். உங்களுக்கும் இப்படித்தான் நினைவிருக்கிறதா? சீக்கிரம் பதில் போடுங்கள்.