கூப்பிடாமல் வந்த லிஃப்ட்

லிஃப்ட்காரர் ஒரு காலத்தில் தன் மூத்த மைத்துனருக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில் தொடங்கக் கருவிகள் வாங்கிய வகையில் வந்த கடன். மைத்துனர் அதைத் திருப்பிக் கேட்டதே இல்லை. ஆனால் நாலு பேர் கூடினால் போதும், "மாப்பிள்ளைக்கு என்ன கவலை, அதான் நான் இருக்கேன்ல" என்று முதுகில் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு லிஃப்ட்காரருக்கு வட்டியைவிடக் கொடுமையாக இருந்தது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அடைத்தார். அன்றிலிருந்து ரொக்கம் கையில் இல்லாமல் எதையும் வாங்கியதில்லை. வீடும் ரொக்கம், வண்டியும் ரொக்கம்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். மீசை முளைக்காத வயதில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் துடைத்தவர். இன்று நகரத்தில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும், "இது நம்ம கை பட்ட லிஃப்ட்" என்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்வார். பெருமைக்காகத்தான் சொல்வார். சொல்லட்டுமே! இரவல் வாங்கிய பெருமையா, தன் முட்டியைத் தேய்த்துச் சம்பாதித்த பெருமை. நிஜமாகவே ஒரு முட்டி தேய்ந்துவிட்டது. இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று நின்றாள். இரண்டு இடங்களில் சீட்டு கிடைத்தது. ஒன்று நகரத்துப் பெரிய கல்லூரி. கண்ணாடிக் கட்டடம், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள், அங்கே ஓடும் லிஃப்டுகள் ஆறும் இவர் பராமரிப்பில். இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பல்கலைக்கழகம். மூன்று மாடி, ஒரு வகுப்புக்கு இருபது பிள்ளைகள் தேறினால் அதிகம். இரண்டுக்கும் முன்பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். சட்டையின் உள்பையில் ஒரு இடத்துக்குக் கட்டுகிற பணம்தான் இருந்தது. எந்த இடம் என்பதை அவர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்.

"ஒரு தடவை பாத்துட்டாவது வரலாம்பா" என்று மகள் கெஞ்சியதால்தான் வண்டியை அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திருப்பினார்.

"பாக்கலாம். பாக்கக் காசா பணமா? ஆனா மூணு மணிக்குள்ள பெரிய காலேஜுல போய் நிக்கணும், ஆமா."

விடுமுறைக் காலம். கட்டடத்தில் ஆள் அரவமே இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு நீளமான கூடம். அதன் கோடியில் பழைய லிஃப்ட். மற்ற மனிதர்கள் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்ப்பார்கள். இவர் கண் நேராக லிஃப்டுக்குப் போனது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. லிஃப்ட் தானாகக் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை.

கதவு மூடவில்லை. பொதுவாக நாலு மூச்சு விடுவதற்குள் மூடிவிடும். இது காத்திருந்தது. தடி ஊன்றி வரும் ஒருவர் கூடத்தைக் கடந்து, வாசலில் ஒரு நொடி நின்று, ஒவ்வொரு காலாக உள்ளே வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். பிறகு கதவு மூடும் முன் லிஃப்டின் தரை ஒரு மயிரிழை கீழே இறங்கியது.

லிஃப்ட்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆள் ஏறினால்தான் தரை அப்படி இறங்கும். எடை விழாமல் இறங்காது. இத்தனை வருஷத்தில் வெறும் லிஃப்ட் அப்படி இறங்கி அவர் பார்த்ததில்லை.

லிஃப்ட் மேலே போனது. மூன்றாம் மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி அதே காத்திருப்பு.

"பயந்துட்டீங்களா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். எல்லோரும் அவரை லேப் மேடம் என்றார்கள். "எங்க பெரிய சார்தான்."

"எங்க? யாரையும் காணோமே?"

"அவர் போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

மேடம் சொன்ன கதை இதுதான். இந்தத் துறையைத் தொடங்கிய பேராசிரியர், பிள்ளைகளோடு சேர்ந்து அந்த லிஃப்டுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி செய்து பொருத்தினார். யார் எப்போது எந்த மாடிக்குப் போகிறார்கள் என்று அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்; கூப்பிடும் முன்னே வந்து நிற்கும். ஆட்கள் மாறினால் பழசை மறந்துவிடும்படிதான் எழுதியிருந்தார். மாணவர்கள் படித்து முடித்துப் போனதும் அவர்களை அது மறந்தது. தடி ஊன்றி மூன்றாம் மாடி அறைக்குப் போய்வந்த பெரிய சாரை மட்டும் மறக்கவில்லை.

"ஏன் மறக்கலன்னு யாருக்கும் தெரியல. சேர்ற பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கேக்கறோம், கண்டுபிடிங்கன்னு."

மகளின் முகத்தைப் பார்த்தார் லிஃப்ட்காரர். அவள் கண் அகலமாகத் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பயம். செத்தவருக்குக் கதவு திறந்துவிடுகிற கட்டடத்தில் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா?

பயம் வந்தால் அவர் பெருமை பேசுவார். அது அவர் சுபாவம்.

"மேடம், இதெல்லாம் ஒரு விஷயமா? நூத்துக்கணக்கான லிஃப்டைப் பாத்தவன் நான். ஒரு நிமிஷம் மேல மெஷின் ரூமைத் திறந்து விடுங்க, பாத்துட்டு வந்துடறேன்."

"பாக்கறதுன்னா பாருங்க. கை வெச்சிடாதீங்க."

மாடிப்படி ஏறினார், முட்டி வலிக்க வலிக்க. அந்த லிஃப்டில் ஏற அவருக்கு மனம் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் ரூம் சுத்தமாக இருந்தது. மோட்டார் நல்ல மோட்டார். பழைய கண்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில், கையால் ஒட்டுப்போட்ட ஒரு சின்னப் பெட்டி, அதில் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

தொழிலில் அவர் கற்ற முதல் வைத்தியம் ஒன்று உண்டு. கோணல் பண்ணுகிற லிஃப்டுக்கு மெயின் ஸ்விட்சை இறக்கி, கொஞ்சம் பொறுத்து ஏற்றிவிட வேண்டும். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும். கை தானாகப் போனது. இறக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பத்து எண்ணிவிட்டு ஏற்றினார்.

கீழே வந்து, "இனிமே வராது. எல்லாத்தையும் துடைச்சு விட்டுட்டேன்" என்றார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி.

மேடத்தின் முகம் செத்துவிட்டது. "என்ன சொல்றீங்க? கரெண்டை நிறுத்தினீங்களா?"

"ஆமா. அதுல என்ன?"

"அந்தப் பெட்டிக்கு கரெண்ட் போனா எல்லாம் போயிடும் சார்! நகல் எடுத்து வெச்சா கோளாறாயிடுமோன்னு பயந்து யாரும் அதைத் தொடவே இல்ல. ஜெனரேட்டர் போட்டு, ரெண்டு வருஷமா ஒரு நிமிஷம் கரெண்ட் போகாம பாத்துக்கிட்டோம்." அந்த அம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டார். "உங்ககிட்ட கை வெக்காதீங்கன்னுதானே சொன்னேன்?"

"அப்பா!" என்றாள் மகள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. இவளுக்கு இங்கே இடம் கிடைக்காமல் செய்துவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. அதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்பதும் தெரிந்தது. ஆனாலும் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூவரும் லிஃப்டையே பார்த்தார்கள். வெளியே எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்தது. பிறகு லிஃப்டின் கயிறு முனகியது.

அது கீழே வந்தது. திறந்தது. யாருமில்லாத கூடத்தைப் பார்த்தபடி காத்திருந்தது. தரை மயிரிழை இறங்கியது. கதவு மூடி, மேலே போனது.

"பெரிய சார்..." என்று மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. லிஃப்ட்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

மகள் மட்டும் லிஃப்ட் வாசலுக்குப் போய்விட்டாள். "மேடம், பெட்டி மறந்துடுச்சுன்னா, இது எங்கேருந்து ஞாபகம் வெச்சுக்குது? வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா?"

"நாங்க தேடாத இடம் இல்லம்மா."

"அப்பா, நீங்க ஏறுங்க. நான் இங்க நின்னு பாக்கறேன்."

"நானா?"

"நூறு லிஃப்ட் பாத்தேன்னீங்க?"

பெற்ற மகள் முன்னால் ரோஷத்தை விட முடியுமா? லிஃப்ட் மறுபடி வந்தபோது காலை இழுத்துக்கொண்டு போனார். பாதியில் முட்டி பிடித்துக்கொண்டது, நின்றார். எந்த லிஃப்டும் அந்நேரம் கதவை மூடியிருக்கும். இது நின்றது. வலது காலை வைத்தார். நின்றது. இடது காலை இழுத்து வைத்ததும்தான் கதவு மெதுவாக மூடியது. தனியாகப் போகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மேலே மூன்றாம் மாடியில் இருண்ட நடைவழி திறந்தது. அவர் இறங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கதவு பொறுமையாக நின்றுவிட்டு மூடிக்கொண்டது.

கீழே மகள் பரபரப்போடு நின்றாள். "பாத்தீங்களா? உங்களுக்கும் நின்னுச்சு! அது அவருக்காக மட்டும் நிக்கல, மெதுவா நடக்கறவங்க யாரா இருந்தாலும் நிக்கக் கத்துக்கிட்டிருக்கு. அது வரைக்கும் புரியுது. ஆனா எல்லாம் துடைச்ச பிறகும், ஆளே இல்லாதப்ப ஏன் வருது?"

தரை இறங்கியதைச் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா பாப்பா?"

"பயமாதான் இருக்கு. அதான் இதையே படிக்கணும்னு தோணுது."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கிண்டல் செய்திருப்பார். தானும் இப்படித்தான் ஒரு காலத்தில் பயந்துகொண்டே குழிக்குள் இறங்கினோம் என்பது அப்போது நினைவுக்கு வந்ததா என்று தெரியாது. மேடத்திடம் திரும்பி, "அம்மா, தப்பு நான் பண்ணது. பிள்ளை பேர்ல அதை ஏத்திடாதீங்க" என்றார். வாழ்க்கையில் அவர் மன்னிப்புக் கேட்டதை மனைவிகூடப் பார்த்ததில்லை.

"இந்தப் பொண்ணை விட்டா எங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் மேடம் கண்ணைத் துடைத்தபடி. "எந்தப் பிரிவுன்னு சொல்லட்டும். சாதாரண கம்ப்யூட்டர் படிப்பு, டேட்டான்னு விவரம் அலசறது, எந்திரங்களைக் கம்ப்யூட்டர் வெச்சு நடத்தறது. மூணு இருக்கு. கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"விவரம் அலசறதுலதான் காசுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். மகள் லிஃப்டைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "சரி. நீயே சொல்லு."

"எந்திரம்பா."

காசாளரின் ஜன்னல் முன்னால் நின்று உள்பையிலிருந்து பணக்கட்டை எடுத்தார். எப்போதும் தானே எண்ணி, தானே நீட்டித்தான் பழக்கம். இன்று, "கையை விரி" என்றார் மகளிடம். விரித்தாள். ஒவ்வொரு நோட்டாக எச்சில் தொட்டுப் பிரித்து, அந்த உள்ளங்கையில் எண்ணி எண்ணி வைத்தார்.