அரைக்காத கோதுமை

கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் வேலையில் ஒரு வியாதி உண்டு. கேட்ட பொருள் கைவசம் இருக்கிறதோ இல்லையோ, வாய் முந்திக்கொண்டு "இருக்கு" என்று சொல்லிவிடும். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் கிடந்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பி, கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்றே மாதத்தில் அந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

அன்று மாலை, நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த கிரேக்கக் கப்பலில் முட்டைக்கோஸ் மூட்டைகளை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பலில் கிரேக்கர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கேப்டன், இன்னொருவர் தலைமை இன்ஜினியர். மற்றவர்கள் எல்லாம் பிலிப்பைன்ஸ்காரர்கள். இன்ஜினியர் அறுபதை நெருங்கியவர், கைகளில் கருப்பு மசகு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"முழுக் கோதுமை கிடைக்குமா? மாதுளம்பழம், பாதாம், சர்க்கரையும் வேண்டும். நாளைக் காலைக்குள்."

எதற்கு என்று கேட்டேன். அவருடைய அம்மா இறந்து நாளையோடு நாற்பது நாள். செய்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கிறது. நாற்பதாம் நாள் கோதுமையை வேகவைத்து, மேலே சர்க்கரை பரப்பி, இறந்தவரின் பெயரைச் சொல்லி எல்லாரும் ஒரு கை எடுத்துச் சாப்பிட வேண்டும். அது அவர்கள் வழக்கம். காயல்பட்டினத்து முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் நாற்பதாம் நாள் ஓதுவதைப் பார்த்திருக்கிறேன், எங்களுக்குப் பதினாறு. நாள்தான் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊரில் என் அக்கா செய்வாள். ஆனாலும் நான் இங்கே செய்தாக வேண்டும்" என்றார். "நாங்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற கூட்டம். போகிற இடமெல்லாம் கோதுமையும் செத்தவர்களின் பெயர்களும் கூடவே வரும். அதையும் விட்டுவிட்டால் நாங்கள் யார்?"

பள்ளிக்கூடத்தில், யவனர்கள் முத்துக்காகக் கொற்கைக்கு வந்தார்கள் என்று மனப்பாடம் செய்தவன் நான். கொற்கையிலிருந்து கடல் பின்வாங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு யவனர் வந்து என்னிடம் கோதுமை கேட்கிறார்.

"இருக்கு" என்றேன். அதோடு நின்றேனா? "நீங்கள் சிரமப்பட வேண்டாம், என் வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டுவருகிறேன்" என்றும் சொல்லிவைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்று மட்டும் கவனம். உடைந்த கோதுமை கூடாது. முழுசாக இருந்தால்தானே மண்ணில் போட்டால் முளைக்கும்? செத்தவர்களும் அப்படி எழுவார்கள் என்பதற்குத்தான் அது." கப்பல் மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. நான் பதினொன்றுக்குள் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும்.

கடையில் ஐந்து கிலோ கோதுமை வாங்கி வீட்டில் இறக்கினேன். "நாளைக்குக் கப்பலுக்குக் கொண்டு போகணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பழமும் பாதாமும் வாங்க ஓடினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

காலை ஆறு மணிக்குப் பெரிய குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தேடினேன். காணோம்.

"ஏளா, கோதுமைய எங்க வச்ச?"

"நேத்தே மில்லுக்குக் கொண்டு போயி அரைச்சாச்சுல்லா" என்றாள் பெருமையாக. "சூடு ஆறட்டும்னு தாம்பாளத்துல பரப்பி வச்சிருக்கேன். நல்லா நைசா அரைச்சிருக்கு, பாருங்க."

பார்த்தேன். வெள்ளைத் துணிக்குக் கீழே ஐந்து கிலோ மாவு. அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. நாங்கள் ஏரல் பக்கத்து வயல்காட்டு ஆட்கள், பரம்பரையாகச் சோறு தின்கிறவர்கள். எங்கள் வீட்டில் கோதுமை என்றால் அது சப்பாத்திக்கு. கடையிலிருந்து மில்லுக்குப் போய் மாவாக வீடு திரும்பும். முழுக் கோதுமையை முழுசாகவே யாராவது தின்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

"என்ன இப்பிடி முழிக்கிய?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "செத்தவங்க காரியத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

பலசரக்குக் கடைகள் திறக்க ஒன்பது மணி ஆகும். ஊறவைக்காத கோதுமை வேக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் தெரியாது. ஒன்பதுக்கு வாங்கி, வேகவைத்து, துறைமுக வாசலில் பாஸ் காட்டி, கப்பல் ஏறி... எப்படிக் கணக்குப் போட்டாலும் பதினொன்றுக்குள் அடங்கவில்லை. இன்ஜினியர் மேல்தளத்தில் நின்று என் வேனைத் தேடுவதுபோலவே இருந்தது. நான் வராவிட்டால் அவருக்கு இன்னொரு நாற்பதாம் நாள் கிடையாது.

பட்டென்று மில் ஞாபகம் வந்தது. ஏழு மணிக்கே திறந்துவிடுவார்கள். மனைவியிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

மில்காரர் என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, நேத்துதான வீட்லருந்து வந்து அரைச்சிட்டுப் போனாவ?" என்றார். மூச்சிரைக்கச் சொன்னேன். அரைக்கக் கொடுத்து வைத்திருக்கும் கோதுமை ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். "அது அவ்வளவும் ஊரார் பொருள். நான் எப்பிடி எடுத்துத் தர?"

வரிசையில் முதலில் ஒரு பெண் தகர டின்னோடு நின்றிருந்தாள். யாரென்று எனக்குத் தெரியாது, அதுவரை பார்த்ததும் இல்லை. டின் நிறையக் கோதுமை. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"யாருக்குண்ணே காரியம்?"

"ஒரு கப்பல்காரருக்கு. அவரோட அம்மாவுக்கு."

"இங்கனயா செத்துப்போனாவ?"

"இல்ல, அவங்க ஊர்ல. இவரு கடல்ல கிடந்தாரு. போக முடியல."

அந்தக் கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்தது. அது எனக்கே தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். டின்னை என் பக்கம் நகர்த்தினாள். "கழுவிக் காயப்போட்டதுதான். கல்லு மண்ணு கிடையாது. எடுத்துட்டுப் போங்க."

நான் டின்னைத் தொடுவதற்குள் பின்னால் ஆட்டோ வந்து நின்றது. என் மனைவி மாவுப் பாத்திரத்தோடு இறங்கினாள். நான் சொல்லிக் கொடுக்காமலே அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு அரைக்கிற வேலை மிச்சம்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான்தான் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குக்கரில் பத்து விசில். திறந்தால் இன்னும் வேகாமல் விறைப்பாக இருந்தது. மறுபடியும் எட்டு. மனைவி ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தாள், வாயில் போடவில்லை. காரியத்துக்குச் சமைப்பதை முந்தி ருசி பார்க்கக் கூடாதே. வடித்து, துணியில் உலர்த்தி, தூக்குச்சட்டியில் அள்ளும்போது மணி பத்தரை. உடைந்த மணிகள் இருக்கின்றனவா என்று இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

துறைமுக வாசலில் காவலர் சட்டியைத் திறக்கச் சொன்னார். "என்ன இது?" என்றார். கொத்தமல்லி, காலிஃபிளவர் என்றால் என் பட்டியலில் இருக்கும். வெந்த கோதுமை எந்தப் பட்டியலில் இருக்கிறது? "கப்பல்ல ஒருத்தரோட அம்மாவுக்குக் கருமாதி" என்றேன். அவர் என் முகத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே மூடியை மூடிக் கையில் கொடுத்தார்.

இன்ஜினியர் ஏணிப்படியின் உச்சியிலேயே நின்றிருந்தார். சட்டியைத் திறந்து விரலால் கிளறினார். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "முழுசு" என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளில் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டு அறை மேசையில் அவர் கோதுமையைக் குவித்துத் தட்டினார். கோதுமையை மூடுவதுபோல் சர்க்கரையைப் பரப்பி, பாதாமால் சிலுவை போட்டு, ஓரம் முழுக்க மாதுளை முத்துகளைப் பதித்தார். இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற அந்தக் கைகள் ஒவ்வொரு முத்தாக எடுத்து வைத்தன. நடுவில் மெழுகுவர்த்தி. கேப்டன் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நின்றார். இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதில் அவர் வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள். கடைசியாக, புதிய மையில், அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். "இந்தத் தாளில் எழுத உனக்கு யாராவது உண்டா?"

எட்டு வருடத்துக்கு முன், நான் சவூதியில் தம்மாமில் இருந்தபோது என் அம்மா போய்விட்டாள். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது, கேட்டும் தரவில்லை. தம்பி கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்தேன், பாதியில் சிக்னல் போய்விட்டது. யாரிடமும் சொல்லாததை அவரிடம் இரண்டு வரியில் சொன்னேன்.

"அவர் பெயர்?" என்று பேனாவைத் திறந்தார்.

எங்கள் பக்கம் பெற்றவளின் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்வதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் ரேஷன் அட்டையிலும் எழுதியிருக்கிறேன். நாக்கால் சொன்னதில்லை. அந்த இரும்பு அறையில், முன்பின் தெரியாத இரண்டு மனிதர்கள் காத்திருக்க, முதல் தடவையாகச் சொன்னேன். அவர் தன் அம்மாவின் பெயருக்குக் கீழே அதைத் தன் மொழி எழுத்தில் எழுதிக்கொண்டார்.

கேப்டன் வாசித்தார். ஒவ்வொரு பெயராக, நிதானமாக. இன்ஜினியரின் அம்மாவுக்கு அடுத்து என் அம்மா. வாயில் நுழையாத பெயரைக் கேப்டன் ஒரு தடவை தடுக்கி, நின்று, திருத்தி, மறுபடியும் சொன்னார். அம்மாவை யாரோ இரண்டு தடவை கூப்பிட்டது மாதிரி இருந்தது. ஒரு கை கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, எட்டு வருடமாக வராத அழுகையை அங்கே அழுதேன்.