மணலுக்கு அடியில் இருக்கட்டும்

எந்நேரமும் தண்ணீருக்குள் முக்குளித்துக்கொண்டே இருப்பதால் அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளை 'வாத்து' என்றுதான் கூப்பிட்டார்கள். கடலடியில் கிடந்த பழைய மரக்கப்பலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் வேறொன்றுமில்லை, மூடி வைப்பதுதான். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவால் காற்றுப் புகாத மணலுக்குள் பிழைக்க முடியாது. அதனால் கொஞ்சம் தோண்டுவாள், அளப்பாள், வரைவாள். மேலே ஏறுமுன் துணி விரித்து மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுத்தான் வருவாள்.

"நீ குடும்பம் நடத்துறதே அந்தக் கப்பலோடதான்கா," என்று தங்கை கிண்டல் செய்வாள். பொய்யில்லை. அது எந்தக் கப்பல் என்று தெரியாமல் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அதற்குப் பட்டை உரியாத ஒரு மரத்துண்டு வேண்டும். அதன் வளையங்களைக் காலம் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டால் மரம் வெட்டிய ஆண்டு தெரியும். அந்த ஆண்டை வைத்து, காணாமல் போன கப்பல்களில் இது எதுவென்று பிடித்துவிடலாம். அப்படி ஒரு மரம் அகப்பட்டதும் வெட்டி எடுக்க அனுமதி கேட்டு இயக்குநரிடம் போனாள். போனதுதான் தப்பு.

இயக்குநருக்குக் கப்பலைப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. தங்கையின் பிரசவத்துக்காக அவள் விடுப்பில் போன சமயம், கேமராக்காரர்களைக் கூட்டிவந்து மணலையெல்லாம் உறிஞ்சி எடுத்தார்கள். படம் முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விடுப்பு முடிந்து வந்தவள் நேராக இயக்குநரிடம் போனாள்.

"ஏன் சார் மூடல?"

"மணல்தானேம்மா. கடல் தானா மூடிக்கும். இதுக்குப் போய் ஏன் இவ்ளோ டென்ஷன்?"

கீழே போய்ப் பார்த்தாள். அவள் வெட்டக் கேட்டிருந்த மரம் வெளிப்பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. தொட்டாள், விரல் உள்ளே போனது. நூற்றாண்டுக்கணக்காக நோகாமல் கிடந்ததை ஒரே கோடையில் புழு தின்று தீர்த்திருந்தது. படமோ பரிசு வாங்கியது. அதிலிருந்து ஒரு காட்சியைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டி, கீழே 'பாதுகாக்கிறோம்' என்று வேறு எழுதிவைத்தார்கள். வெட்கம் என்று ஒன்று கிடையாதா இவர்களுக்கு?

மிச்சத்தையாவது மூடலாம் என்று அவள் மறுபடி இறங்கினாள். அவர்கள் கை வைக்காத மூலையில் மணலுக்குள் இன்னொரு மரம் தட்டுப்பட்டது. கெட்டியாக, பட்டையோடு. முகமூடிக்குள் அழுகை முட்டியது. வெட்டி எடுக்க இயக்குநரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் கூடவே கேமராவும் வரும்.

மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு துணியை விரித்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

மாலையில் இயக்குநர் வழிமறித்தார். "என்னம்மா வாத்து, ஏதாவது கெடச்சுதா?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் மணல்."