பதினைந்தில் வைத்த ஷட்டர்

படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு எதிரிகள் இரண்டே பேர்: வெளிச்சம் போதாத மண்டபம், ஆடாமல் நிற்கத் தெரியாத மனிதன். ஃபிலிம் காலத்தில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அலைந்தவர்கள் இந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை ஐந்நூறில் வைத்தால் ஷட்டர் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். ஓடுகிற நாய்கூட நாலு காலும் தெரிய நின்றுவிடும். பதினைந்தில் வைத்தால் அதே நாய் ஒரு இழுப்பாகத்தான் பதியும். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தத் திருகோடு நான் பட்ட பாடு இது.

பாதி மாப்பிள்ளை

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும்போது என் கேமராவில் திருகு அறுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஃப்ளாஷ் மின்னும் நேரத்தில் ஷட்டரின் திரை பாதி மூடிவிட்டிருக்கும். படத்தில் ஒரு பக்கம் கறுத்துப்போகும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்து என்ன செய்ய?

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். வாசலில் நல்ல வெயில். சீர்வரிசைத் தட்டோடு வந்தவர்களை நூற்றிருபத்தைந்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கெட்டிமேளச் சத்தம் கேட்டதும், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடினேன். திருகைத் திருப்ப மறந்துவிட்டேன். தாலி கட்டும்போது மொத்தம் நாலு படம். கழுவிப் பார்த்தால் நாலிலும் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்; பக்கத்து இருட்டிலிருந்து தாலியோடு கை மட்டும் நீண்டிருக்கிறது.

பெண்ணின் அப்பா லாரி ஓட்டுகிறவர். கடை நடுவில் நின்று ஆல்பத்தை இரண்டு முறை புரட்டினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சத்தம் போடாமல்தான் கேட்டார்: "கை கீது, தாலி கீது. எம் பொண்ண நா யாருக்குய்யா கட்டிக் குட்துகிறேன்?"

ஒழுங்காக உட்கார்ந்தவர்

சாவு வீட்டுக்கும் போவேன். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, சுற்றிலும் பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம் எடுப்பது வழக்கம். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் அப்படி ஒரு பெரியவர். ஓட்டு வீட்டின் உள்ளறையில் வைத்திருந்தார்கள். என் நேரம், ஃப்ளாஷ் மின்னவே இல்லை. கேமராவை முக்காலியில் பூட்டி, திருகை நாலில் வைத்தேன். அதாவது கால் நொடி. "யாரும் ஆடாதீங்க" என்று சொன்னேன். அழுகிறவர்களிடம் சொல்கிற பேச்சா அது? இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

படத்தில் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் முகமில்லாத புகையாக நின்றார்கள். பெரியவருக்கு மட்டும் மீசை முடியை எண்ணிவிடலாம். பிரிண்டை வாங்கிப்போக வந்த மூத்த மகன் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உசுரோட இருந்தப்போ அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல குந்த மாட்டாரு. இப்ப அவுரு ஒர்த்தருதான் ஒழுங்கா குந்திகினு கீறாரு."

சுண்ணாம்புக் கடல்

என் கடை வாசல் கண்ணாடிக்குள் ஒரு கடல் படம் மாட்டியிருந்தேன். மாமல்லபுரத்தில் ஐந்நூறில் எடுத்தது. தெறித்த துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். எனக்கு அதில் கர்வம் உண்டு. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு அதிகாரி அதன் எதிரில் நின்றார். தென்காசிப் பக்கத்துக்காரர், கடலோர அரசாங்கக் குடியிருப்பில் இருந்தவர், வெளிநாட்டுப் புகைப்படப் பத்திரிகைகளெல்லாம் வரவழைத்துப் படிப்பார். பதினைந்தில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் ஓடுவது அப்போதுதான் தெரியும் என்று அரைமணி நேரம் விளக்கினார். போட்டிக்குக்கூட அனுப்பலாம் என்றார். எனக்கு மூக்கு உடைந்ததுபோல் இருந்தது, ஆனாலும் ஆசை விட்டுவிடவில்லை. போகும்போது அவர் சொன்னது: "அண்ணாச்சி, இது கடலா, சுண்ணாம்பு பூசின சுவரா? அலை வருதா போகுதான்னு ஒண்ணுமே தெரியலையே."

சட்டை போடாதவர்

அடுத்த வாரமே, மேகம் மூடிய ஒரு காலையில், முக்காலியோடு சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டையைத் தாண்டினால் கரை. ஏழுமலை என்ற மீனவர் கட்டுமரத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எனக்காக ஒருமுறைக்கு மூன்று முறை திரும்பி வந்து தள்ளினார். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணாத்த, மூஞ்சி தெரியற மாரி ஒண்ணு எட்து குடு. வூட்ல மாட்டணும்."

சரி என்றேன். ஆனால் ஃபிலிமில் மீதி ஆறு படம்தான் இருந்தது, அலையோ ஒன்றைவிட ஒன்று நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆறையும் பதினைந்திலேயே எடுத்துத் தீர்த்தேன். திருகை இருநூற்றைம்பதுக்குத் திருப்பி ஒரு முகத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஃபிலிம் தீர்ந்துபோச்சு, அடுத்த முறை கட்டாயம் எடுக்கிறேன் என்று சொன்னபோது அவருக்கு வருத்தம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் நல்லதுதான் நைனா. அப்ப சட்ட போட்டுகினு வர்றேன்."

நெற்றி

நான் திரும்பப் போகவில்லை. முகூர்த்த மாதம், வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் படம் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியது. அலை வெள்ளைப் பட்டாக விரிந்து கிடக்கும். அதன் நடுவே ஓர் ஆள் மங்கலாகக் குனிந்திருப்பார். பழைய கடலைக் கழற்றிவிட்டு வாசலில் அதை மாட்டினேன். நாலைந்து மாதம் கழித்து, இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பெயர் கன்னியம்மா, ஏழுமலையின் மனைவி. போன வாரம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, காரியத்துக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்றாள். கல்யாணத்தில் படம் எடுக்கவில்லை. ஓட்டு அட்டைக்குப் படம் எடுக்க வந்த அன்றைக்கு அவர் கடலில் இருந்திருக்கிறார். உலகத்தில் அவருக்கு இருந்த படமெல்லாம் நான் எடுத்த ஆறுதான்.

ஆறையும் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் எது, வாய் எது என்று தெரியாத ஒரு சாம்பல் தீற்றல்தான் வந்தது. காஞ்சிபுரத்தில் டச்சிங் செய்கிறவரிடம் கொடுத்துக் கண்ணும் மூக்கும் வரைந்து வாங்கினேன். கன்னியம்மா அதைப் பார்த்து, "இது யாரு?" என்றாள். வாசலில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. படையலுக்கு முன்னால் நான் எடுத்த படம் சாத்தி வைத்திருந்தது, மாலையும் போட்டிருந்தார்கள். கண்ணாடிமேல் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். ஏழுமலையின் அண்ணன் குங்குமம் தொட்ட விரலை நீட்டினார், விரல் அங்குமிங்கும் போய் நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீதான எட்த. நெத்தி எங்க கீது, காட்டு" என்றார். எனக்குத் தெரியவில்லை. வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்தவன் மாதிரி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அங்கேயே பொட்டு வைத்தார். அது நெற்றியா, கழுத்தா, கழுத்தைச் சுற்றியிருந்த தண்ணீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது கன்னியம்மா வாசல்வரை வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் திட்டவில்லை: "அலைய நல்லா எட்துகிற அண்ணா. ஆளதான் வுட்டுட்ட."

கேமரா பிடித்த இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றது இவ்வளவுதான்: அலை நாளைக்கும் வரும், அதனால் முதலில் மூஞ்சியை எடுத்துவிடுங்கள்.