முன்னறைக் கிறிஸ்துமஸ் மரம்

சேர்வராயன் கோயிலுக்குப் போகிற பாதையில் நர்சரி வைத்திருக்கும் ஜெயமேரிக்குச் செடி விற்பதில் எதிராளி கிடையாது. ஏற்காட்டில் நர்சரிக்கு ஒன்றும் பஞ்சமில்லை, வளைவுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் "சும்மா பார்க்கலாம்" என்று காரை விட்டு இறங்கியவர்களைச் சும்மா அனுப்பி வைத்த பழக்கம் ஜெயமேரிக்கு இல்லை. ஒருமுறை கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கக் கிளைகளை வெட்டிப் பாத்தியில் நட்டாள். அந்த மரத்தில் உச்சித் தண்டை நட்டால்தான் நேராக வளரும், பக்கக் கிளையை நட்டால் ஆயுசுக்கும் சாய்ந்தே கிடக்கும். அது அப்போது அவளுக்குத் தெரியாது. பாத்தி முழுக்க மரங்கள் படுத்துக் கிடந்ததைப் பார்த்து வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஜெயமேரி அவற்றைத் தொட்டிகளில் வைத்துத் தொங்கவிடக் கம்பி மாட்டினாள். "இது நிமிராதுங்க, இப்படியேதான் வளரும். பால்கனியில தொங்க உடுங்க, நொம்ப அழகா இருக்கும்" என்று உண்மையைச் சொல்லியே அத்தனையையும் விற்றுத் தீர்த்தாள்.

டிசம்பர் வந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் கிறிஸ்துமஸ் மரக்கன்றுகள்தான் அந்த மாதத்து வியாபாரம். யாராவது தெரியாத்தனமாக அவளிடம் பிளாஸ்டிக் மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தொலைந்தார்கள். "மடிச்சுப் பெட்டியில போடறதெல்லாம் ஒரு மரமுங்களா? தண்ணி ஊத்தறதுக்குப் பதிலா தூசி தட்டிக்கிட்டு இருக்கோணும்" என்பாள். கணவர் டோமினிக் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காப்பிப் பழம் எடுக்கிற பருவத்தில் அவரை வீட்டில் பார்ப்பது அரிது, பார்த்தாலும் மனைவி பேசும்போது குறுக்கே பேச மாட்டார். அவர் பிழைக்கத் தெரிந்த மனிதர்.

இந்த வருஷம் மகன் ஜாபெஸுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் சசிகலா வெள்ளக்கடைப் பக்கத்துப் பெண், காப்பியும் ஆரஞ்சும் சாமையும் போடுகிற குடும்பம். அவர்கள் சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள், இவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆரம்பத்தில் இரண்டு வீடும் முறுக்கிக்கொண்டுதான் நின்றன, பிறகு பிள்ளைகளின் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தன. ஜெயமேரிக்கு அந்தப் பெண்ணை முதல் நாளே பிடித்துப்போயிற்று. அதிகம் பேச மாட்டாள், பேசினால் அளந்து பேசுவாள்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், சேலத்துக்குப் போயிருந்த சசிகலா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். அடிவாரத்திலிருந்து வளைவுக்கு வளைவு மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்த நீள அட்டைப்பெட்டி ஒன்று கையில் இருந்தது. பெட்டியின் மேல் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தின் படம். நர்சரியில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் பெட்டியையும் பார்த்தார்கள், ஜெயமேரியின் முகத்தையும் பார்த்தார்கள். ஜெயமேரிக்கு மானம் போனது போலிருந்தது. அவர்கள் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன கண்ணு இது?"

"கிறிஸ்மஸ் மரமுங்க அத்தை."

"நம்மளைச் சுத்தி என்ன நிக்குதுன்னு பாத்தியா?"

"பாத்தனுங்க. அதெல்லாம் விக்கற மரமுங்க." சசிகலா பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். "வருசா வருசம் நல்ல மரமாப் பாத்து ஊட்டுக்குள்ள வெப்பீங்களாமா. யாராச்சும் வந்து அதைக் கேட்டா, கட்டின ஸ்டாரைக் கழட்டி வெச்சுட்டுக் குடுத்துருவீங்களாமா. ஒரு வருசம் ரோசாச் செடியிலதான் ஸ்டாரைக் கட்டினீங்கன்னு அவரு சொன்னாருங்க. இதை யாரும் கேக்க மாட்டாங்க அத்தை. எனக்கு இது முதல் கிறிஸ்மஸுங்க. அன்னிக்கு ஊட்டுல ஒரு மரம் இருக்கோணும்னு ஆசைங்க."

மருமகள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வீட்டின் முன்னறை நர்சரியைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் வெளியே நிற்கிற நூறு மரத்தை விட்டுவிட்டு, உள்ளே ஜோடித்து நிற்கிற மரத்தின் மேல்தான் கண் வைப்பார்கள். ஜெயமேரியும் கொடுத்துவிடுவாள், அடுத்ததைத் தூக்கி உள்ளே வைப்பாள், அதையும் கொடுப்பாள். அதைத் தன் சாமர்த்தியம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். சின்ன வயசில் காகித மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்ததே ஜாபெஸ்தான். அம்மாவிடம் ஒரு நாளும் முகம் சுளிக்காதவன், பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அதுதான் அவளைச் சுட்டது.

"அந்தப் பெட்டியைப் பிரிக்காத கண்ணு. இந்த வருசம் நம்மூட்டு மரம் நம்மூட்டுலதான் இருக்கும். நான் சொல்லறேன்."

"சரிங்க அத்தை" என்றாள் சசிகலா. கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. பெட்டி பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே ஜெயமேரி பாத்தி பாத்தியாக நடந்து, இருப்பதிலேயே நல்ல மரமாக ஒன்றைப் பொறுக்கினாள். ஆள் உயரம், ஓர் அடுக்கில்கூடக் கிளை குறையவில்லை. ஜாபெஸும் அவளுமாகத் தொட்டியை உள்ளே நகர்த்தினார்கள். சசிகலா ஸ்டாரும் மணியும் கட்டினாள். முன்னறைக்கு ஒரு திரை போட்டுவிடலாமா என்று அவள் கேட்டபோது ஜெயமேரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்கு? நான் என்ன திருட்டு மரமா வெச்சிருக்கறேன்?"

திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பாள். மறுநாளே கோயம்புத்தூர் அம்மா ஒருத்தி வாசலில் நின்று உள்ளே கை நீட்டினாள். "அது விக்கறதுக்கில்லீங்க" என்று ஜெயமேரி சொன்னாள். வாழ்க்கையில் சொல்லிப் பழகாத வார்த்தை, புதுச் செருப்பு மாதிரி கடித்தது. அடுத்த நாளும் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் அவள் பார்வை தானாகப் பீரோ பக்கம் போய் வந்தது. இதை விற்றுவிட்டால் அந்தப் பெட்டி கீழே இறங்கும், அதன்பின் இந்த வீட்டில் தன் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் பனி இறங்கி, பாதையில் வண்டி விளக்குகள் மட்டும் தெரிந்தன. வெளியே ஒரு மரம்கூட மிச்சமில்லை. அப்போது ஈரோட்டிலிருந்து ஒரு கார் வந்தது. இறங்கியவர் நடுவயதுக்காரர், முகம் களைத்திருந்தது.

"ஏனுங்க, ஒரே ஒரு மரம் வேணுமுங்க. அப்பாவுக்கு ஆபரேசன் பண்ணிக் காட்டேஜுல கொண்டாந்து வெச்சிருக்கறோம். மரம் இல்லாம ஒரு கிறிஸ்மஸும் இருந்ததில்லைங்க அவரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் முன்னறைக்குப் போய்விட்டது. "அதைக் குடுத்தீங்கன்னாக்கூடப் போதுமுங்க."

மரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜெயமேரியின் கை ஸ்டாரைக் கழற்றுவதற்குப் பாதி தூரம் எழுந்துவிட்டது. வாசலில் ஏணி மேல் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த ஜாபெஸ் கையை அப்படியே நிறுத்தினான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயசிலும் சொன்னதில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் ஜெயமேரி. "அது எங்கூட்டு மரமுங்க. மருமகளுக்கு இது முதல் கிறிஸ்மஸ்."

அவர் தலையாட்டிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார். சரியாகத்தான் சொன்னாள், ஆனாலும் அவளால் அந்த முதுகைப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரு நிமிசம் இருங்கண்ணா." சசிகலாவின் குரல். ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். "இதைக் கொண்டு போங்க. பிரிக்கவே இல்லைங்க. நேரா நிக்கும், தண்ணி ஊத்த வேண்டியதில்லை, மண்ணு சிந்தாது. ஆபரேசன் பண்ணினவரு கட்டிலோரமா வெக்கறதுக்கு இதுதான் தோது. அடுத்த வருசமும் ஆகுமுங்க."

தன் நர்சரியிலேயே ஒரு பிளாஸ்டிக் மரம் இவ்வளவு லட்சணமாக விற்கப்பட்டதை ஜெயமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கார் பனிக்குள் போய் மறைந்தது.

"அது உனக்குன்னு வாங்கினது, சாமி" என்றாள் ஜெயமேரி. "இன்னொருத்தரு வந்து இதைக் கேட்டு, நான் மனசு இளகிக் குடுத்துட்டேன்னா என்ன பண்ணுவ?"

"குடுக்க மாட்டீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு சசிகலா உள்ளே போனாள்.

ஜெயமேரி கண் கலங்கியதை ஜாபெஸ் பார்த்துவிடாதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பாதையில் இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே, போய் நர்சரியின் கதவைச் சாத்தினாள்.