யாருடைய நிலம் என்று கேட்டவர்

மேடைக்குப் பின்னால் இருந்த மேசையில், பொன்னாடைகளுக்கும் மாலைகளுக்கும் நடுவே, டிஜெரிடூ என்ற ஊதுகருவி நீளமாகக் கிடந்தது. கறையான் உள்ளே தின்று குடைந்த மரம். வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு. "உது என்ன அண்ணை, தண்ணிக் குழாயோ?" என்று எங்கள் தவில்காரர் என்னிடம் கேட்டார்.

அதை ஊதுபவர் வட ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மனிதர். ஒரு ஜாஸ் குழுவுடன் ரொறன்ரோ வந்திருந்தார். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரைப் போல மூச்சறாமல் ஊதுகிறார் என்று வியந்து, எங்கள் சங்கத் தலைவர் அவரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நகரின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நான் சங்கச் செயலாளர். பகலில் அரசாங்க அலுவலகத்தில் அனுமதிப்பத்திரம் வழங்குபவன். மண்டப அனுமதியிலிருந்து குத்துவிளக்குத் திரிக்கான தீயணைப்பு விதிவரை எல்லாம் என் விரல்நுனியில்.

மேடையேறுமுன் விருந்தினர் என்னிடம், "இது யாருடைய நிலம்?" என்று கேட்டார். நான் மண்டப அனுமதியை எடுத்து நீட்டினேன். அவர் அதை மரியாதையாக வாசித்துத் திருப்பித் தந்தார். தங்கள் வழக்கத்தில், பிறர் நிலத்தில் சடங்குப் பாட்டை ஊதுமுன் அந்நிலத்து மக்களின் இசைவு வேண்டும் என்றார். ஜாஸ் கச்சேரியில் இந்த நிலத்து ஆதிக்குடிப் பெரியவர் ஒருவர் வந்து வரவேற்றாராம். இங்கே வரவேற்பவர் யார்? தன் தாய்வழிக் குலத்தின் பாட்டொன்றை எங்களுக்காக ஊத அவர் ஆயத்தமாக வந்திருந்தார்.

எனக்கு அந்த மக்களின் பெயர்கூடத் தெரியாது. தலைவரிடம் ஓடினேன்.

"இதென்ன கதை? மண்டபம் எடுத்தது நாங்கள். நான் தலைவர், நான் அனுமதி தாறன். ஊதச் சொல்லும்."

வேறு வழி தெரியாமல் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். விருந்தினர் திரையை விலக்கி மண்டபத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றை ஊதுகிறேன் என்றார். அவர் ஊத, அந்த மரக்குழாய்க்குள் நாய் குரைத்தது, லாரி மேடேறியது, கங்காரு துள்ளியது. மண்டபம் சிரித்துக் கைதட்டியது. மதுக்கடைகளில் வேடிக்கைக்கு ஊதுவது அது என்று அவர் சொல்லியிருந்ததால் எனக்கு மட்டும் தெரியும்.

"பாத்தீரே, அனுமதி குடுத்த உடனை ஊதிட்டார்," என்றார் தலைவர். பொன்னாடை போர்த்தினார். விருந்தினர் குனிந்து கொடுத்தார்.

இப்போது எங்கள் விழாக்களில், விளக்கேற்றுமுன், இந்த நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூரும் வாசகம் ஒன்றைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அவசரமாக வாசிக்கிறார்கள். நடைமுறையில் பிழை சொல்ல இடமில்லை. நான் தரையைப் பார்த்தபடி நிற்பேன்.

அன்று அடுத்த நிகழ்ச்சி, போரில் நாங்கள் இழந்து வந்த ஊரைப் பற்றிய கவிதை. விருந்தினர் முன்வரிசையில் என் பக்கத்தில் பொன்னாடையோடு அமர்ந்திருந்தார். கவிஞரின் குரல் உடைந்தபோது, என்ன சொல்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது மொழிபெயர்ப்புத்தான்: "எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணில் கால் வைத்தார்கள், கால் வைத்த பிறகும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை."

அவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த மண்டபத்தில் அந்தக் கவிதைக்காக எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.